முறைப்பாட்டுக் கொப்பி

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்,
எங்கள் தொடர்மாடிக்கு நான்தான் செயலாளர்.
நீலமட்டைக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்.
எல்லாம் இருக்கிறது அதில்:
தண்ணீர் மோட்டர் இரவில் இரைவது,
ஆறாம் மாடி நாய் லிப்டுக்குள் பெய்தது,
ஞாயிறு மத்தியானம் சுவர் துளைத்தது யார் என்பது.
கருவாடு பொரித்த வாசம் மட்டும்
இரண்டு பக்கம்.

மூன்றாம் மாடிச் சத்தம் இல்லை.

தயானந்திக்கு ரயில் நேரம் மனப்பாடம்.
எங்கள் யன்னல் கண்ணாடிகளை உலுப்பிக்கொண்டு
கரையோர வண்டி கடக்க நாற்பது விநாடி.
அதற்குள் அழுது முடித்துவிடுவாள்.
காலிக்குப் போகும் கடைசி வண்டி பிந்தினால்
அவளும் பிந்துவாள்.
பொறுமைசாலி என்றோம்.

சுரேந்திரன் குடிப்பதில்லை.
கடன் இல்லை. வங்கியில் நல்ல பதவி.
சாமான் பையோடு யாரும் வந்தால்
லிப்டின் கதவைக் கையால் தடுத்து வைப்பார்.
கோபம் கண்ணை மறைக்கும் என்று
கூட்டத்தில் ஒருவர் அவருக்காகச் சொன்னார்.
மறைக்கவில்லை ஐயா.
மேலாளர் ஏசிய நாளில்
அந்தக் கோபம் மேலாளரைத் தொடவில்லை.
காலி வீதி நெரிசலில் ஒருவரையும் தொடவில்லை.
வாசலில் காவலாளிக்கு வணக்கம் சொன்னது,
மூன்றாம் இலக்கத்தை அழுத்தியது,
சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக வைத்துவிட்டுத்தான்
கையை ஓங்கியது.
கண்ணுள்ள கோபம்.
எந்தக் கதவுக்குப் பின்னால் கேள்வி வராது என்று
அதற்குத் தெரியும்.
தெரிய வைத்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்று எழுதினால் நான் ஒளிந்துகொள்ளலாம்.
ஆகவே:
என் தங்கை ஒருமுறை ஒற்றைப் பையோடு வந்தாள்.
உதட்டில் காயம். தேத்தண்ணி ஆறும்வரை இருந்தாள்.
பிள்ளைகளை யோசி என்றேன்.
வவுனியா பஸ்ஸில் யன்னலோரம் இடம் பிடித்து,
வழிக்கு பிஸ்கட்டும் சோடாவும் வாங்கிக் கொடுத்தேன்.
நல்ல அண்ணன் என்று
நடத்துனர் நினைத்திருப்பான்.

பிறகு ரயில் வேலைநிறுத்தம் வந்தது.
செவ்வாய் இரவு. தண்டவாளம் சும்மா கிடந்தது.
எட்டரைக்கு
முதன்முறையாக அவளுடைய குரல்
முழு நீளத்துக்கும் கேட்டது.
இருபத்திரண்டு வீடுகளில்
டீவியின் சத்தம் கூடியது.
என் வீட்டிலும்.

ஐந்தாம் மாடியில் சமைக்கும் அமராவதி
ரொட்டி மா காயாத கையோடு படியிறங்கினாள்.
எந்தக் கூட்டக் குறிப்பிலும் அவள் பெயர் இல்லை.
தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள்.
சீனி கேட்கவில்லை, சாட்டுச் சொல்லவில்லை.
"அக்கா, நான் வெளியதான் நிக்கிறேன்"
என்றாள், கட்டடம் முழுக்கக் கேட்க.
அதன்பிறகு காவலாளி சோமசிறி.
தொழுகை உடுப்போடு ரிஸ்மியா டீச்சர்.
ஒரு கதவு, இன்னொரு கதவு.
கடைசியாக நான்.

பொலிஸில், குடும்ப விசயம்தானே என்றார்கள்.
சிங்களத்தில் எழுதி, கையொப்பம் கேட்டார்கள்.
சோமசிறி வரி வரியாக வாசிக்க,
டீச்சர் தமிழில் சொல்ல,
'தவறி விழுந்தேன்' என்பது
'தள்ளி விழுத்தினார்' என்று மாறும்வரை
தயானந்தி பேனையைத் தொடவில்லை.
ஒரு சொல்லுக்கு இரண்டு மணித்தியாலம்.

வென்றோம் என்று எழுதமாட்டேன்.
சுரேந்திரன் இப்போது சட்டத்தரணியோடு வருகிறார்,
லிப்டின் கதவைத் தடுத்து வைக்கிறார்,
இன்னும் சிலர் நன்றி சொல்கிறார்கள்.
ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது.
அது கடக்கும்போது டீவியை நிறுத்திவிட்டு
அடியில் என்ன கேட்கிறது என்று பழகுகிறேன்.

கொப்பியில் திகதி போட்டேன்.
முறைப்பாடு செய்தவர்: அமராவதி.
யாருக்கு எதிராக என்ற கோட்டில்
ஒரு பெயர் எழுதினேன்.
கோடு நீளம். நிறைய இடம் மிஞ்சியது.

பேனையை வைத்துவிட்டுத்
தொலைபேசியை எடுத்தேன்.
வவுனியாவில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.
தங்கை இன்னும் எடுக்கவில்லை.